தைத்த பிறகு மடித்தவர்

கேள்வி இது: "ஸ்டீவ் ஜாப்ஸ் போட்டுக்கொண்டிருந்த கருப்பு டர்டில்நெக் சட்டையைச் செய்து கொடுத்தவர் இஸ்ஸே மியாகே என்று படித்தேன். அதைத் தவிர அவர் என்ன செய்தார்? ஃபேஷன் உலகத்தில் அவரை ஏன் இவ்வளவு பெரிய ஆளாகப் பேசுகிறார்கள்? படத்தில் பார்த்தால் அவருடைய உடைகள் கசக்கிப் பிரித்த காகிதம் மாதிரி இருக்கின்றனவே?"

காகிதம் என்று நீங்கள் சொன்னது தற்செயலாகச் சரியாக விழுந்திருக்கிறது. அந்த உடை உருவாகும் வழியில் காகிதத்துக்கு உண்மையிலேயே ஒரு வேலை உண்டு. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். நான் ஆடைத் தொழிலில் பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான வரைபடம், போடுகிற ஆள். மேடையில் மாடல்கள் நடப்பதைவிட கட்டிங் டேபிளில் என்ன நடக்கிறது என்பதில்தான் எனக்கு அக்கறை. என் பதிலும் அந்தப் பக்கமே சாயும். பெரும்பாலான டிசைனர்கள் உடையின் தோற்றத்தில் கை வைத்தார்கள். மியாகே வேலையின் வரிசையில் கை வைத்தார். நூலாக்கி, நெய்து, வெட்டி, தைத்து, தேய்த்து என்று போகும் வரிசை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் எதை முன்னால் இழுக்கலாம், எதைப் பின்னால் தள்ளலாம், எதை விட்டேவிடலாம் என்று ஐம்பது வருஷம் யோசித்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

சரி, முதலில் அந்தச் சட்டைக் கதையை முடித்துவிடுவோம். 1980களின் தொடக்கத்தில் ஜாப்ஸ் ஜப்பானில் சோனி நிறுவனத்துக்குப் போயிருந்தபோது தொழிலாளிகள் சீருடையில் இருப்பதைப் பார்த்து அதன் தலைவர் அகியோ மொரிட்டாவிடம் காரணம் கேட்டார். போர் முடிந்த காலத்தில் ஆட்களுக்கு உடுத்த உடையே இல்லை, கம்பெனிதான் கொடுக்க வேண்டியிருந்தது, அப்படியே பழக்கமாகிவிட்டது என்பது பதில். அந்தச் சோனி ஜாக்கெட்டைச் செய்தவர் மியாகே. எளிதில் கிழியாத நைலான் துணி. கைகளை ஜிப்பால் கழற்றிவிட்டால் கையில்லாத மேற்சட்டையாகிவிடும். ஜாப்ஸுக்கு ஆசை வந்து ஆப்பிளுக்கும் அப்படி ஒன்று செய்யச் சொன்னார். மாதிரிகளை எடுத்துக்கொண்டு போய் ஊழியர்களிடம் காட்டியதும் கூச்சல் போட்டு விரட்டாத குறை. சீருடை போனது, நட்பு நிலைத்தது. அப்புறம் தனக்கு மட்டும் ஒரு சீருடை போதும் என்று அந்தக் கருப்பு டர்டில்நெக்கைக் கேட்டார். மியாகே ஏறக்குறைய நூறு சட்டை செய்து கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம். மியாகேயின் மொத்த வேலையில் இது ஓர் ஓரத்தையல்.

மியாகே பிறந்தது ஹிரோஷிமாவில், 1938 ஏப்ரலில். அணுகுண்டு விழுந்தபோது ஏழு வயது, பள்ளியில் இருந்தார். கதிர்வீச்சின் பாதிப்பால் மூன்று வருஷத்துக்குள் அம்மா இறந்துபோனார். இதை அவர் பல பத்தாண்டுகள் வெளியில் பேசவே இல்லை. 'அணுகுண்டிலிருந்து தப்பிய டிசைனர்' என்ற முத்திரை தன்மேல் விழக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். 2009-ல் அமெரிக்க அதிபர் ஒபாமா அணு ஆயுதம் இல்லாத உலகம் பற்றிப் பேசிய பிறகுதான், அவர் ஹிரோஷிமாவுக்கு வர வேண்டும் என்று கேட்டு நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதி இதைத் திறந்து சொன்னார். அழிவதைவிட உருவாவதைப் பற்றியே நினைக்க விரும்பியதால் உடை வடிவமைப்புக்கு வந்ததாக அதில் இருக்கிறது. அவர் விருப்பத்தை மதித்து நானும் அவருடைய ஒவ்வொரு உடையிலும் குண்டைத் தேடப் போவதில்லை. பல விமர்சகர்கள் தேடியிருக்கிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது.

ஹிரோஷிமாவில் தேட வேண்டியது வேறொன்று. அமைதிப் பூங்காவை ஒட்டிய இரண்டு பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர் வடிவமைத்தவர் சிற்பி இசாமு நொகுச்சி. ஒன்று வாழ்வதையும் மற்றொன்று பிரிந்து போவதையும் குறிப்பது. இடிந்துபோன ஊரில் வளர்ந்த பையன் தினமும் பார்த்த அந்தப் பாலங்கள்தான் 'டிசைன்' என்றால் என்ன என்று தனக்கு முதலில் காட்டியதாக மியாகே சொல்லியிருக்கிறார். பின்னாளில் நொகுச்சியும் அவரும் நெருங்கிப் பழகினார்கள்.

டோக்கியோவில் தாமா கலைப் பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் படித்தார். ஃபேஷன் அல்ல என்பதைக் கவனியுங்கள். படிக்கும்போதே, 1960-ல் டோக்கியோவில் உலக டிசைன் மாநாடு நடந்தது. கட்டடம், நாற்காலி, விளம்பரம் எல்லாம் பேசுகிறீர்கள், உடை மட்டும் ஏன் இல்லை என்று கேட்டு மாநாட்டுக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். இருபத்திரண்டு வயது மாணவன். உடை என்பது சீசனுக்கு ஒருமுறை மாறுகிற அலங்காரம் இல்லை, நாற்காலி போல, பாலம் போல ஒரு பொருள் என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது.

1965-ல் பாரிஸ். தையல் பள்ளி, பிறகு கி லரோஷ், அதற்குப் பிறகு ஜிவான்ஷி என்ற ஃபேஷன் நிறுவனங்கள். பெரிய இடத்து உதவியாளர் வேலை, அதிகமும் வரைவதுதான். 1968 மே மாதம் பாரிஸ் தெருக்களில் மாணவர்களும் தொழிலாளிகளும் இறங்கியபோது அவர் அங்கே இருந்தார். பணக்காரப் பெண்கள் சிலருக்கு அளவெடுத்துத் தைப்பதில் தன் வாழ்நாளைக் கழிக்க வேண்டுமா என்ற கேள்வி அங்கேதான் உறுத்த ஆரம்பித்தது. ஜீன்ஸ் போல, டீ-ஷர்ட் போல எல்லோரும் போடுகிற ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. நியூயார்க் போய் டிசைனர் ஜெஃப்ரி பீனிடம் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 1970-ல் டோக்கியோ திரும்பி மியாகே டிசைன் ஸ்டூடியோவைத் தொடங்கினார்.

ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிடுகிறேன். ஜப்பானிய 'அவான்ட்-கார்ட்', அதாவது வழக்கத்தை உடைக்கும் புதுமைக்காரர்கள், என்றதும் ரெய் கவாகுபோ, யோஜி யமாமோட்டோ, மியாகே மூவரையும் ஒரே மூட்டையில் கட்டுவது வழக்கம். அவர்கள் இருவரும் பாரிஸுக்கு வந்தது 1981-ல். கிழிசல், கருப்பு, ஓட்டை விழுந்த ஸ்வெட்டர் என்று பாரிஸை உலுக்கினார்கள். மியாகே 1973-லேயே பாரிஸில் தொகுப்பு காட்டிவிட்டவர். அவரிடம் அந்தக் கோபமும் இருட்டும் கிடையாது. அவர் உடையில் நிறம் இருக்கும், துள்ளல் இருக்கும், சில சமயம் குழந்தைத்தனம்கூட இருக்கும். கவாகுபோ அழகு என்பதையே கேள்வி கேட்டார். மியாகேயின் கேள்வி துணியைப் பற்றியது.

அந்தக் கேள்விக்கு அவர் வைத்த பெயர் 'ஒரு துண்டுத் துணி'. மேற்கத்திய தையல் உடம்பை அளந்து, அதற்கேற்ப துணியைத் துண்டு துண்டாக வெட்டி, டார்ட் (துணியைக் கூராகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்து உடம்பின் வளைவுக்குக் கொண்டுவருகிறது. கிமோனோ அப்படியில்லை. குறுகலான ஒரே நீளத் துணியை நேர்க்கோடுகளில் வெட்டி இணைப்பார்கள். உடம்புக்கும் துணிக்கும் நடுவில் காற்று போக இடம் இருக்கும். சேலையும் வேட்டியும் கட்டுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஊசியே படாமல் உடுத்துகிறவர்கள் நாம். ஆனால் மியாகே கிமோனோவை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 'ஜப்பானிய டிசைனர்' என்ற அடையாள அட்டையை அவர் ரசித்ததே இல்லை. ஜப்பானிய உழவர்கள் பழந்துணியை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு உறுதியாக்கும் சாஷிகோவை எடுத்துக் கோட்டு செய்தார். ஜப்பானியப் பச்சைகுத்து முறையில் ராக் இசைக்கலைஞர்கள் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் முகங்களை வரைந்து உடம்போடு ஒட்டும் உடையில் அச்சடித்தார். இருவரும் 1970-ல் சில வார இடைவெளியில் இறந்திருந்தார்கள்.

இங்கே மகிகோ மினாகவாவைச் சொல்லாமல் போக முடியாது. தொடக்க காலத்திலிருந்தே மியாகேயின் துணிகளை உருவாக்கியவர் மினாகவா. மியாகே தரையில் விழுந்த இலையையோ மரப்பட்டையையோ காட்டி இது மாதிரி ஒரு துணி வேண்டும் என்பார். அதை எந்த நூலில், எந்த நெசவில், எந்த ஊர்ப் பட்டறையில் செய்வது என்று கண்டுபிடிப்பது மினாகவாவின் பாடு. மியாகே பெயரில் வருகிற புகழில் சரிபாதி துணிக்காரர்களுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. அவரும் அதை மறைத்தவர் இல்லை.

1980களின் முதல் பாதியில் துணியையே விட்டுவிட்டு உடம்பைச் சுற்றி என்னவெல்லாம் கட்டலாம் என்று பார்த்தார். வார்த்தெடுத்த பிளாஸ்டிக்கில் பெண் உடம்பின் மேல்பாதியை அப்படியே அச்செடுத்த மார்க்கவசம் 1980-ல் வந்தது. பிரம்பையும் மூங்கிலையும் வளைத்துச் செய்த இன்னொன்று 1982 பிப்ரவரி ஆர்ட்ஃபோரம் இதழின் அட்டையில் இடம்பெற்றது. ஓவியம், சிற்பம் மட்டும் பேசுகிற பத்திரிகை. அதன் அட்டையில் உடை வந்தது பெரிய பேச்சாயிற்று. இந்தக் காலத்துப் படங்களைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பார்க்க அபாரமாக இருக்கும்தான். ஆனால் இதையெல்லாம் யார் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவது? அந்தச் சங்கடம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். 1968-ல் தெருவில் நின்று யோசித்ததற்கும் அருங்காட்சியகத்தில் நிற்கும் மூங்கில் கூட்டுக்கும் தூரம் அதிகம். 1988-ல் பாரிஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. அதே வருஷத்தில்தான் மடிப்பு ஆராய்ச்சி தொடங்குகிறது.

இப்போது காகிதத்துக்கு வரலாம்.

பிளீட், அதாவது மடிப்பு, ஒன்றும் புதிதில்லை. பள்ளிக்கூடப் பாவாடையில் இருக்கிறது. வெனிஸில் மரியானோ ஃபோர்ச்சுனி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பட்டில் நுணுக்கமான மடிப்பு வைத்து உடை செய்தார். அதைத் துவைத்தால் மடிப்பு போய்விடும், மறுபடி அவரிடமே அனுப்ப வேண்டும். வழக்கமான முறையில் முதலில் துணியை மடித்து, அதை நிலைக்க வைத்து, பிறகு வெட்டித் தைப்போம். மடித்த துணியை வெட்டுவது எவ்வளவு தொல்லை என்று கட்டிங் மாஸ்டர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கத்தரி பட்டதும் ஓரம் பிரியும், அளவு நிற்காது, இரண்டு பக்கமும் மடிப்பு ஒன்றோடொன்று பொருந்தாது.

மியாகே இதைத் தலைகீழாக்கினார். முதலில் மடிப்பே இல்லாத மெல்லிய பாலியஸ்டர் துணியில் உடையை முழுசாக வெட்டித் தைத்துவிடுவது. அளவு மட்டும் இரண்டரை, மூன்று மடங்கு. தைத்து முடித்த பிரம்மாண்டமான சட்டையை இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவில் பரப்பி, மடிப்பு இயந்திரத்துக்குள் விடுவார்கள். காகிதமும் துணியும் சேர்ந்து மடிந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் நசுங்கி மறுபக்கம் வரும். காகிதத்தைப் பிரித்தால் உள்ளே ஆள் போடுகிற அளவில் ஒரு சட்டை, மடிப்புகளோடு. சூட்டில் பாலியஸ்டர் இளகும். ஆறும்போது எந்த வடிவத்தில் இருந்ததோ அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துவைத்தாலும் போகாது. பருத்தியில் இது நடக்காது, ஒரு தண்ணீரில் மடிப்பு எல்லாம் மறந்துவிடும்.

இதில் பேட்டர்ன் போடுகிறவனுக்கு ஒரு தலைவலி இருக்கிறது, அதை ரசித்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மடிப்பு மேலிருந்து கீழாக ஓடுகிறது என்றால் துணி குறுக்கே மட்டும்தான் சுருங்கும், நீளம் அப்படியே நிற்கும். ஆகவே வட்டமான கழுத்து வேண்டுமென்றால் காகிதத்தில் வரைகிற கழுத்து வட்டமாக இருக்கக் கூடாது. படுத்த முட்டை மாதிரி, அகலத்தில் இழுத்துவிட்டது போல இருக்க வேண்டும். கைக்குழி, தோள் சரிவு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. மேஜையில் விரித்தால் யாரோ யானைக்குத் தைத்த ஜாக்கெட் போலக் கிடக்கும். இயந்திரத்தைத் தாண்டினால்தான் அது என்னவென்று தெரியும்.

ஒருமுறை நண்பரின் மனைவி வைத்திருந்த அப்படியொரு மேலாடையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முறுக்கிய கயிறு மாதிரி சுருட்டிக் கைப்பையில் வைத்திருந்தார். உதறியதும் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் விழுந்தது. எடை ஒன்றுமே இல்லை. நான் செய்த முதல் காரியம் அதை உள்பக்கம் திருப்பியது. தையல் ஓரம், ஓவர்லாக் போட்ட நூல், கழுத்துப் பட்டி எல்லாமே உடம்புத் துணியோடு சேர்ந்து, அதே மடிப்பில், விரல் நகத்தளவு கூட விலகாமல் மடிந்திருந்தன. தைத்த பிறகு மடித்தது என்பதற்கு அந்தத் தையல் ஓரம்தான் சாட்சி. ஜிப் இல்லை, பட்டன் இல்லை, கொக்கி இல்லை. மடிப்பு விரிந்து கொடுப்பதால் தலை வழியாகப் போட்டுக்கொள்ளலாம். எட்டு வருஷமாகப் போடுகிறேன், நடுவில் இரண்டு பிள்ளை பிறந்து உடம்பு ஏறி இறங்கிவிட்டது, இது மட்டும் எப்போதும் சரியாக இருக்கிறது என்றார் அந்த அம்மா. இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுவரக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

இந்த மடிப்பு உடைகளுக்கு நல்ல சோதனைக்களம் நடனமேடையாக அமைந்தது. 1991-ல் ஃபிராங்க்ஃபர்ட் பாலே குழுவுக்காக நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத் அமைத்த படைப்புக்கு மியாகே உடை செய்தார். நடனக்காரர்கள் குதித்து, புரண்டு, உடம்பை முறுக்கியபோது துணி விரிந்து உடனே பழைய நிலைக்குத் திரும்புவதைப் பார்த்துத்தான் இது அன்றாட உடையாக நிற்கும் என்ற தைரியம் வந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில், சோவியத்திலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த லித்துவேனியா அணி அணிவகுப்பில் வந்தது மியாகே செய்து கொடுத்த மடிப்பு உடைகளில். 1993-ல் 'பிளீட்ஸ் பிளீஸ்' என்ற பெயரில் தனிப் பிராண்டாகக் கடைக்கு வந்தது. பாரிஸில் தேடிய டீ-ஷர்ட்டுக்கும் ஜீன்ஸுக்கும் அவருடைய பதில் இதுதான். 1994-ன் 'பறக்கும் தட்டு' உடையை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். காகித விளக்குக் கூண்டை அமுக்கினால் தட்டையாகி, தூக்கினால் நீளுமே, அதே சங்கதி. ஆள் நடக்க நடக்க உடை ஸ்பிரிங் போலக் குதிக்கும்.

தன் உடைகளில் கைவைக்கச் சில கலைஞர்களையும் அழைத்தார். அதில் சீனக் கலைஞர் சாய் குவோ-சியாங் செய்ததை மட்டும் சொல்கிறேன். 1998-ல் பாரிஸில் கார்த்தியே அறக்கட்டளையில் மியாகேயின் கண்காட்சி. வெள்ளை மடிப்பு உடைகளைத் தரையில் பரப்பி, அவற்றின்மேல் டிராகன் வடிவத்தில் வெடிமருந்தைத் தூவிப் பற்ற வைத்தார் சாய். துணி கருகித் துளை விழுந்தது. அந்தக் கருகல் தடத்தையே பிறகு அச்சு வடிவமாக்கி விற்பனை உடைகளில் போட்டார்கள். விமர்சகர்களைச் சோம்பேறிகள் என்று மேலே சொன்ன நானே இந்த இடத்தில் கொஞ்சம் தயங்குகிறேன். மியாகே இதற்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை.

புகைப்படக்காரர் இர்விங் பென்னோடு அவருக்கு இருந்த ஏற்பாடும் விசித்திரமானது. 1986 முதல் 1999 வரை பென் அவருடைய தொகுப்புகளைப் படமெடுத்தார். அத்தனை வருஷமும் படப்பிடிப்பு நடந்த இடத்துக்கு மியாகே ஒருமுறைகூடப் போகவில்லை, பென்னும் மியாகேயின் ஷோவுக்கு வந்ததில்லை. உடைகளை எடுத்துக்கொண்டு நியூயார்க் போய்வந்தவர் மியாகேயின் சகாவான மிதோரி கிதாமுரா. இதைத் தலைகீழாகப் போடு, அதைத் தலையில் சுற்று என்று பென் தன் இஷ்டத்துக்குச் செய்வார். படங்கள் வந்த பிறகுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்று தனக்கே தெரிகிறது என்பது மியாகேயின் நிலை.

மடிப்பு முறை வேலையின் வரிசையைப் புரட்டியது என்றால், அடுத்தது தைக்கிற கட்டத்தையே தூக்கியெறியப் பார்த்தது. பெயர் ஏ-பாக். 'ஒரு துண்டுத் துணி' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்; சொல்லிப் பார்த்தால் 'யுகம்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதில் கேட்கும். துணைக்கு இளைஞர் டாய் ஃபுஜிவாரா. கணினியில் நிரல் எழுதிய பின்னல் இயந்திரத்திலிருந்து இரண்டு அடுக்கு கொண்ட குழாய்த் துணி ரோலாக வரும். அந்த இரண்டு அடுக்கும் எங்கெல்லாம் சேர வேண்டுமோ அங்கெல்லாம் பின்னும்போதே சேர்ந்திருக்கும். உடை, பை, தொப்பி, சாக்ஸ் எல்லாவற்றின் எல்லைக்கோடும் துணியிலேயே இருக்கும். வாங்குகிறவர் கத்தரியை எடுத்துக் கோட்டோடு வெட்டினால் உடை தனியே வந்துவிடும், ஊசி நூல் வேண்டாம். கை முழுசா அரையா, கழுத்து வட்டமா ஆழமா, பாவாடை முட்டிவரையா கணுக்கால்வரையா என்பதை வெட்டுகிறவரே முடிவு செய்யலாம்.

பனியன் துணியை வெட்டியவர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும்: ஓரம் ஓடாதா? ஓடாதபடி பின்னுவதுதான் இதன் சூட்சுமம். கண்ணிகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் பின்னல் என்பதால் வெட்டினாலும் பிரியாது. 1999 வசந்த காலத் தொகுப்பின் ஷோவில், ஒரே நீளச் சிவப்புத் துணியில் பல மாடல்கள் வரிசையாக இணைந்தபடி மேடைக்கு வந்தார்கள். ஒவ்வொருவர் உடலிலும் இருந்தது அதே ரோலின் ஒரு பகுதி. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் ஏ-பாக் துணி ஒன்றை வைத்திருக்கிறது.

வியாபாரமாக ஏ-பாக் பெரிதாகப் போகவில்லை என்பது என் அபிப்பிராயம். காசு கொடுத்து வாங்கிய துணியில் தானே கத்தரி வைக்கச் சொன்னால் மக்களுக்குக் கை நடுங்கும். ஆனால் வெட்டுக்கழிவே இல்லாமல் உடை செய்வது பற்றி இன்று ஃபேஷன் கல்லூரிகளில் பாடம் எடுக்கிறவர்கள் ஏ-பாக்கைத் தொடாமல் போவதில்லை. சாதாரணக் கட்டிங்கில் எத்தனை சாமர்த்தியமாக மார்க்கர் போட்டாலும், அதாவது துண்டுகளைத் துணியில் நெருக்கி அடுக்கினாலும், ஒரு பங்கு துணி கூடைக்குத்தான் போகும். தினமும் அந்தக் கூடையைப் பார்க்கிறவனுக்கு ஏ-பாக் ரோல் கனவு மாதிரி இருக்கும்.

1990களின் கடைசியில் தொகுப்பு வடிவமைப்பை நவோகி தகிசாவாவிடம் கொடுத்துவிட்டு ஆராய்ச்சிப் பக்கம் ஒதுங்கினார். பின்னால் ஃபுஜிவாரா, யோஷியுகி மியாமே, 2019-லிருந்து சதோஷி கோந்தோ என்று பொறுப்பு கைமாறியது. எல்லோரும் உள்ளேயே வேலை பார்த்து வளர்ந்தவர்கள். நிறுவனர் விலகியதும் வெளியிலிருந்து ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுவந்து உட்கார வைப்பது பாரிஸ் வழக்கம். இங்கே அது நடக்கவில்லை.

ஒதுங்கினார் என்றால் ஓய்வெடுத்தார் என்று நினைக்க வேண்டாம். 2007-ல் டோக்கியோவின் ரொப்போங்கியில் '21_21 டிசைன் சைட்' என்ற காட்சிக்கூடம் திறந்தது. கட்டியவர் தாதாவோ ஆண்டோ. ஒரே இரும்புத் தகட்டை மடித்துக் கவிழ்த்தது போன்ற கூரை, மியாகேயின் ஒரு துண்டுத் துணியைக் கட்டடமாக்கியது. 1960-ல் கடிதம் எழுதிக் கேட்ட மாணவன், உடையையும் மற்ற டிசைனையும் ஒரே கூரையின்கீழ் வைக்கும் இடத்தைக் கடைசியில் தானே உருவாக்கிக்கொண்டார்.

2010-ல் '132 5.' வந்தது. கணினியில் வளைபரப்புகளை மடிக்கும் கணிதம் செய்துகொண்டிருந்த ஜுன் மிதானியின் வேலையிலிருந்து பிறந்தது. கீழே வைத்தால் நட்சத்திரம் போலத் தட்டையாகக் கிடக்கும்; நடுவில் பிடித்துத் தூக்கினால் மடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து பாவாடையாகவோ கவுனாகவோ நிற்கும். துணி, மறுசுழற்சி செய்த பாலியஸ்டர். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். போட்டுக்கொண்டால் எல்லோருக்கும் பொருந்துமா என்றால், எனக்குச் சந்தேகம்தான்; சில கோணங்களில் ஆள் மறைந்து வடிவம் மட்டும் தெரியும்.

இந்தியத் தொடர்பு ஒன்று உண்டு. அகமதாபாத்தில் ஆஷா சாராபாயின் பட்டறையோடு 1980களிலேயே மியாகே ஸ்டூடியோ சேர்ந்து வேலை செய்தது. 2000-ல் மினாகவா தன் பொறுப்பில் தொடங்கிய பிராண்டுக்கு 'ஹாட்' என்று பெயர். கிராமத்துச் சந்தைக்கு வடக்கே சொல்லும் அதே சொல்தான். கைத்தையலும் கைநெசவும் அதில் இன்றும் வருகின்றன.

தாக்கம் என்று கேட்டால், ஜாப்ஸ் சட்டையைவிட பெரிய சான்று நீங்கள் தெருவில் பார்ப்பது. 2013-ல் ஆண்களுக்கான 'ஓம் பிளிஸ்ஸே' வந்த பிறகு மடிப்பு பேண்ட்டும் சட்டையும் கட்டடக்கலைஞர், ஓவியர், ஐடி ஆள் என்று ஒரு வட்டத்துக்குக் கிட்டத்தட்ட சீருடையாகிவிட்டன. கட்டடக்கலைஞர் ஸாஹா ஹதீத் அதற்கு வெகு முன்பே மியாகேயின் உடைகளை விரும்பிப் போட்டவர். முக்கோணத் துண்டுகள் சேர்ந்த பாவ் பாவ் பை உலகெங்கும் காப்பியடிக்கப்படுகிறது. 1992-ல் வந்த லோ திஸ்ஸே வாசனைத் திரவியத்தின் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட அதன் மணம் பழக்கமாக இருக்கலாம். மடிப்பு பாலியஸ்டர் மேலாடை இப்போது நடைபாதைக் கடையிலும் தொங்குகிறது. அதில் பெரும்பாலானது மடித்த துணியை வெட்டித் தைத்தது.

குறையையும் சொல்ல வேண்டும். எல்லோருக்குமான உடை என்று ஆரம்பித்தது எல்லோர் கைக்கும் எட்டவில்லை. டீ-ஷர்ட் விலையில் பிளீட்ஸ் பிளீஸ் என்றைக்கும் விற்றதில்லை, ஒரு சட்டைக்கு மூன்று சட்டைத் துணி போகும் இடத்தில் அது சாத்தியமும் இல்லை. இன்னொன்று, பாலியஸ்டர். 1988-ல் அது எதிர்காலத்தின் துணி. இன்று துவைக்கத் துவைக்க நுண்பிளாஸ்டிக் உதிர்க்கிற துணி என்று பேசப்படுகிறது. இருபது வருஷம் போடக்கூடிய உடை குறைந்த கேடு என்று அவர் பக்கம் வாதாடலாம். நான் பாதி ஒத்துக்கொள்வேன். நம் ஊர் மே மாத வெயிலில் அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் மீதிப் பாதிக்கு வேறு காரணம் சொல்வேன்.

2022 ஆகஸ்ட் 5 அன்று கல்லீரல் புற்றுநோயால் டோக்கியோவில் இறந்தார், 84 வயதில். கியோட்டோ பரிசு, ஜப்பானின் பண்பாட்டு விருது எல்லாம் வாங்கியவர்.

படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் உங்களுக்கு என் யோசனை. வெளிநாடு போகும்போது அந்தக் கடை கண்ணில் பட்டால் உள்ளே போங்கள், வாங்க வேண்டியதில்லை. ஒரு மேலாடையை எடுத்து, கடைக்காரர் பார்க்காத நேரத்தில் உள்பக்கம் திருப்பி, அக்குள் பக்கத்துத் தையல் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். மடிப்பு அந்த ஓரத்தையும் தாண்டி ஓடுகிறதா என்று பாருங்கள்.